மூல முகாமுக்கு நோயில்லாமல் வந்த கரடிகள்

ஒரு காட்டில், பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. அதையடுத்து இன்னொன்று. அப்புறம் வரிசையாக, பஜனை மாதிரி. பனி விலகிய பிறகுதான் தெரிந்தது, அது மூல நோய் இலவச முகாம். எருமை, மான், நரி எல்லாம் நின்றுகொண்டிருந்தன. உட்கார பெஞ்சு போட்டிருந்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான ஜோடிகள் ஆசைப்பட்டு, பின்வாசல் வழியாகவும் கொஞ்சிப் பார்ப்பார்கள். எப்படி என்று யாரையும் கேட்க மாட்டார்கள், கேட்டால் மானம் போய்விடுமாம். அவசரத்தில் கிழித்துக்கொள்வார்கள். காலையில் முகாமுக்கு வந்து "மூலம்" என்பார்கள். புள்ளிவிவரப்படி நாட்டிலேயே மூலம் அதிகமுள்ள காடு அதுதான். காரத்தைக் குறையுங்கள் என்று மரத்துக்கு மரம் தட்டி மாட்டியிருந்தார்கள்.

அன்று கரடி ஏகாம்பரமும் மனைவி குமுதவல்லியும் வந்து, பெஞ்சில் சௌகரியமாக உட்கார்ந்தார்கள். வரிசை முழுக்க முறைத்தது. அவர்களுக்கு நோய் இல்லை. ஆசைதான் இருந்தது, கூடவே பயமும். இருவரில் யாருக்கு ஆசை, யாருக்குப் பயம் என்பது உங்கள் வேலையில்லை. ஒருவரை ஒருவர் நோகடித்துவிட்டால் அப்புறம் அந்தக் குகையில் பழைய சிரிப்பு இருக்காது. அந்தக் கவலையில்தான் முதலிலேயே கேட்டுவிடலாமென்று வந்திருந்தார்கள்.

டோக்கன் கொடுத்த குரங்கு, நோயில்லாதவர்களுக்கு டோக்கன் கிடையாது, கிழிந்த பிறகு வாருங்கள் என்றது. குமுதவல்லி அதைத் தாண்டி டாக்டர் நாரையிடமே போய்விட்டாள். காட்டுத் தலைவர் எருமை அங்கே குப்புறப் படுத்திருந்தார். பரம்பரை மூலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, நாங்க இன்னும் ஆரம்பிக்கல. வலிக்காம எப்படின்னு சொல்லுங்க. மரத்துப்போற களிம்பு போட்டுக்கலாமா?"

முனகல் நின்றது. வரிசையில் அத்தனை காதும் நிமிர்ந்தன.

நாரை காலையிலிருந்து பொய்யாகவே கேட்டுச் சலித்திருந்தாள். எரிச்சலில் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

"அந்தக் களிம்பைத் தொடாதீங்க. வலிதான் காவல்காரன். அவனைத் தூங்க வச்சா வீடு போயிடும். அந்த இடம் தானா வழுக்காதும்மா, அதுக்குன்னு இருக்கிற ஜெல்லைத் தாராளமா போடணும். எண்ணெய் போட்டா ஆணுறை கிழிஞ்சிடும். நகத்தை வெட்டிட்டு முதல்ல ஒரு விரல், மெதுவா. வலிச்சா நிறுத்திடணும். அங்க போனதைக் கழுவாம வேற இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒருத்தருக்கு வேணாம்னா ரெண்டு பேருக்கும் வேணாம். அவ்வளவுதான், இதுக்கு எதுக்கு இத்தனை முனகல்?"

எருமை தலையணையில் முகம் புதைத்து, சிவ சிவா என்றார். நகம் பற்றிச் சொன்னபோது மட்டும் தன் குளம்பை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கரடிகள் வீட்டுக்குப் போய்ச் சொன்னபடி செய்தார்கள். முதல் தடவை பாதியில் ஏகாம்பரம் போதும் என்றான். குமுதவல்லி சரி என்றாள். இருவரும் சிரித்துவிட்டுத் தூங்கினார்கள். அடுத்த தடவை நிறுத்த வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அடுத்த முகாமில் பெஞ்சும் காலி, வரிசையும் காலி. குரங்குக்கு டோக்கன் கொடுக்க ஆளில்லை. எருமைத் தலைவர் உடனே காட்டுச் சபையைக் கூட்டினார். கூட்டம் முடியும்வரை நிம்மதியாக உட்கார்ந்தே பேசினார். நாரை ஆபாசம் பேசி, நம் காட்டின் பாரம்பரிய நோயை அழித்துவிட்டாள் என்றார். அவளை ஆளில்லாத உப்பங்கழிக்கு மாற்றத் தீர்மானம் வந்தது. அவள் சொன்னதைக் கேட்டுப் பலனடைந்த அத்தனை பேரும் கை தூக்கினார்கள். மான் இரண்டு காலையும் தூக்கியது.

கரடிகள் மட்டும் எதிர்த்தார்கள். நோயாளி அல்லாதவர்களுக்கு முகாம் விஷயத்தில் ஓட்டு இல்லை என்று சொல்லி உட்கார வைத்தார்கள்.

நாரை பறந்துபோனதைக் குகை வாசலில் நின்று இருவரும் பார்த்தார்கள். அடுத்து புதுசா ஜோடி சேருறவங்க யாரைக் கேப்பாங்க என்றாள் குமுதவல்லி. ஏகாம்பரம் உள்ளே போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த தேனடையை எடுத்து வந்தான். அவள் துணியை விரித்துப் பிடித்தாள். அவன் தேனடையைப் பிழிந்து வடிகட்டத் தொடங்கினான்.

நீதி: கேட்டுவிட்டுச் செய்தால் அது ஒழுக்கக்கேடு, கேட்காமல் செய்து புண்ணாக்கிக்கொண்டால் அது வெறும் மூலம்.