நாலாவது வில்லன்

இனிமேல் நல்லவனாக இருப்பதில்லை என்று லிஃப்ட்காரர் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தபோது. வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைப் பார்த்து முறைத்தார். முறைப்பு நன்றாகத்தான் வந்தது. நுரை மட்டும் சட்டையில் வழிந்துவிட்டது.

லிஃப்ட்காரர் என்பது தொழிலால் வந்த பெயர். பதினேழு கட்டிடங்களின் லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பு. அவர் நில் என்றால் நிற்கும், ஏறு என்றால் ஏறும். வீட்டில்தான் அவர் சொல்லி எதுவும் ஏறினதும் இல்லை, இறங்கினதும் இல்லை. வீடு தையலம்மாவின் ராஜ்யம். தையலம்மா என்றால் அவர் மனைவி. ஹால் ஓரத்தில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு ஊருக்கே துணி தைக்கிறவள். நீலத்தில் தைக்கச் சொல்லி வருகிறவர்கள், தாங்களே ஆசைப்பட்டுக் கேட்டமாதிரி ஊதாவில் வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே போவார்கள். எப்படி என்று கேட்காதீர்கள், போனவர்களுக்கே தெரியாது.

லிஃப்ட்காரருக்கு ஒரு ரகசியப் பழக்கம் உண்டு. பதறாதீர்கள், விளையாட்டுதான். இணையத்தில் நாலைந்து பேர் கூடுவார்கள். ஆளுக்கொரு வேஷம். பகடையை உருட்டிக்கொண்டு, வாயாலேயே கோட்டை பிடிப்பார்கள், புதையல் எடுப்பார்கள். கதையை நடத்துகிறவருக்குக் கதைத்தலைவர் என்று பேர். மழை பெய்யட்டும் என்று அவர் சொன்னால் பெய்தே தீரும். ஆனால் நம்மவருக்கு மூன்று வருஷமாகக் கிடைத்த வேஷம், அடிபட்டவனுக்கெல்லாம் கட்டுப்போடுகிற சாமியார். மற்றவர்கள் சண்டை போடுவார்கள், இவர் பஞ்சு பிய்த்துக் கொடுப்பார். மனுஷன் எத்தனை நாள்தான் பஞ்சு பிய்ப்பான்?

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை முடிவு. தானே கதைத்தலைவர் ஆவது. அதிலும் நல்லவன் ஒருத்தன்கூட இல்லாத கதை. அத்தனை பேரும் வில்லன்கள்.

அன்று சாயங்காலமே வீட்டுக் கம்ப்யூட்டரில் விளம்பரம் அடித்தார். "வில்லன்கள் தேவை. நாலு பேர். ஈவு இரக்கம் உள்ளவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம். உங்கள் வில்லன் செய்த மிகப்பெரிய அக்கிரமத்தை எழுதி அனுப்பவும்." விளையாட்டுச் சங்கத்தின் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைப் பட்டென்று மூடினார். மூடிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் மறைந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. அதே கம்ப்யூட்டரில்தான் தையலம்மா கழுத்து டிசைன் பார்ப்பாள் என்பது அந்த நேரத்தில் அவர் புத்திக்கு எட்டவில்லை.

சங்கத்தில் ஒரு சட்டம் இருந்தது. நாலு பேர் சேர்ந்தால்தான் ஆட்டம். மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் அவருக்கு ஒதுக்கின ஞாயிற்றுக்கிழமை நேரம் வேறொரு ஆளுக்குப் போய்விடும். அந்த வேறொரு ஆள் யார் தெரியுமா? இவரைச் சாமியாராக்கின பழைய கதைத்தலைவர். லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஆள் எடுக்க இறங்கினார்.

நேர்முகத் தேர்வு குளியலறையில் நடந்தது. குழாயைத் திறந்துவிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, போனில் ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினார். குழாய்ச் சத்தத்தை மீறிப் பேசவேண்டியிருந்ததால் குரல் தெரு வரைக்கும் போயிற்று.

முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டர். "என் வில்லன் சித்திரவதை நிபுணன் சார். பிடிச்சு வச்சு நகத்தைப் பிடுங்குவான்."

"ஆகா! அப்புறம்?"

"பிடுங்குறதுக்கு முன்னாடி மரத்துப்போக ஒரு ஊசி போட்டுருவான். வலிக்கக் கூடாது பாருங்க."

அடுத்தவர் போட்டோகிராபர். "ஊரையே கொளுத்திருவேன் சார். ஆனா ஓடுறவங்க கொஞ்சம் சிரிச்ச முகமா ஓடணும்."

மூன்றாமவர் நூலகர். "அரண்மனைக் கஜானாவைக் கொள்ளையடிப்பேன்."

"பலே!"

"பதினஞ்சு நாள்ல திருப்பிக் கொடுத்துருவேன். லேட்டானா மனசு கேக்காது."

லிஃப்ட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். உலகத்தில் அக்கிரமம் இவ்வளவு மலிந்து கிடக்கிறது என்கிறார்கள், தேடிப்போனால் ஒரு உருப்படியான அக்கிரமக்காரன் கிடைக்கவில்லையே! வேறு வழியில்லாமல் மூன்று பேரையும் சேர்த்துக்கொண்டார். நாலாவது ஆளுக்காகக் காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை அந்த விண்ணப்பம் வந்தது. பேர், கரும்பூரான்.

"என்னிடம் கத்தி கிடையாது, விஷம் கிடையாது. யாரையும் அதட்டியதுகூட இல்லை. நான் நினைத்ததை அடுத்தவர்கள் தாங்களாகவே செய்வார்கள், செய்துவிட்டு எனக்கே பெருமையாகச் சொல்லிக் காட்டுவார்கள். ஒரு சின்ன உதாரணம். பதினொரு வருஷமாக ஒரு ஆள், தன் வீட்டு ஹால் சுவருக்கு வெளிர்பச்சை நிறத்தைத் தானே பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்ததாக நம்பிக்கொண்டிருக்கிறார்."

லிஃப்ட்காரர் தொடையில் ஓங்கித் தட்டினார். "அடேங்கப்பா! இவனல்லவா வில்லன்! பாவம், எவன்டா அந்த மடையன்?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே சாய்ந்தது தன் வீட்டு ஹால் சுவரில். அதுவும் வெளிர்பச்சைதான். ஆனால் அது அவரே தேர்ந்தெடுத்தது. மஞ்சள்தான் வேண்டும் என்று தையலம்மா ஒற்றைக்காலில் நின்றாள், இவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. அதனால் அந்த மடையனுக்காக இவர் மனசார இரக்கப்பட்டார்.

"உடனே சேர்ந்துகொள்ளுங்கள்" என்று எழுதினார். கரும்பூரானோ பிகு பண்ணிற்று. குரலைக் காட்டாதாம், ஆட்டத்தன்றுதான் பேசுமாம். அதுவரை எழுத்துதான். அதற்கும் நிபந்தனைகள் இருந்தன.

"கதைத்தலைவருக்குக் கதவு போட்ட தனி அறை உண்டா? குளியலறையிலிருந்து கதை நடத்துகிறவர்களிடம் நான் ஆடுவதில்லை."

எப்படிக் கண்டுபிடித்தது! அந்தக் கூர்மையை நினைத்து லிஃப்ட்காரருக்குப் புல்லரித்தது. அறை இருந்தது. ஹாலை ஒட்டின சின்ன அறை. ஏழு வருஷமாக அதற்குள் அவருடைய பொக்கிஷங்கள் கிடந்தன. பழைய லிஃப்ட் பொத்தான்கள், இரும்புக் கயிறு, சுருள் சுருளாக வயர், யாரோ கழற்றிப்போட்ட ஒரு முழு லிஃப்ட் கதவு. என்றைக்காவது தேவைப்படும் என்று அவர் சொல்வார். எடுத்துப் போடுங்களேன் என்று தையலம்மா ஏழு வருஷமாகச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். இன்றைக்கு ஒரு முகம் தெரியாத வில்லன் ஒரு வரி எழுதினதும் மனுஷன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

தையலம்மா பதறிப்போய் வந்தாள். "என்னங்க இது? அந்தக் கதவைப் போய்த் தூக்குறீங்க? உங்க உசுராச்சே அது!"

"தூக்கத்தான் போறேன்."

"நான் சொல்லிச் சொல்லிப் பாத்தப்பல்லாம் கேக்கல. இப்ப என்ன வந்துச்சு?"

"நீ சொன்னா செய்யணுமா? எனக்குத் தோணுச்சு, செய்யறேன்."

"அதுவும் சரிதான். உங்களுக்கா தோணினாத்தான் உண்டு" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு அவள் மெஷினுக்குத் திரும்பினாள். அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பழைய சாமான்காரர் இரண்டு நடை வந்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்.

அடுத்தது சுவர். தையலம்மா வாசலில் நின்று சொன்னாள். "அடிக்கிறதுதான் அடிக்கிறீங்க, மஞ்சளா அடிங்க. வெள்ளை மட்டும் வேணவே வேணாம். எனக்குப் பிடிக்காது."

"வெள்ளைதான்."

"அழுக்கு தெரியுங்க..."

"தெரியட்டும். இந்த வீட்டுல ஒரு சுவராவது என் இஷ்டப்படி இருக்கட்டும்."

வெள்ளையே அடித்தார். இரண்டு கோட்டிங்.

கரும்பூரானின் நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. மேசை இடுப்பு உயரம் இருக்கவேண்டும், ஏனென்றால் கதைத்தலைவர் நின்றுகொண்டு பேசினால்தான் குரலுக்குக் கம்பீரம். ஆறடி நீளம் வேண்டும், வரைபடம் விரிக்க. மேசைக்கு நேர் மேலே நல்ல வெள்ளை டியூப் லைட், நிழல் விழக்கூடாது. வலப்பக்கம் ஒரு பிளக் பாயிண்ட். ஒவ்வொன்றையும் படிக்கப் படிக்க லிஃப்ட்காரருக்கு மரியாதை கூடிக்கொண்டே போயிற்று. மூன்று வருஷம் ஆடியிருக்கிறார், இத்தனை நுணுக்கம் தெரிந்த ஆளைப் பார்த்ததே இல்லை. தச்சரைக் கூப்பிட்டு மேசை செய்தார். லைட்டையும் பிளக்கையும் தானே போட்டார். கம்பெனி ஆன்லைன் பயிற்சி தரப்போகிறது, அதற்காக என்று வீட்டில் ஒரு புளுகு புளுகி வைத்தார்.

ஆட்டத்துக்குத் தேதி குறித்ததும் கரும்பூரான்தான். பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நாலு மணி. பதினாறு என்றதும் அவர் மனசுக்குள் என்னவோ மணி அடித்தது. ஏதோ ராசியான தேதி என்று எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை கரும்பூரான் எழுதிற்று. "இவ்வளவு வேலை நடக்கிறதே, உங்கள் மனைவிக்குச் சந்தேகம் வரவில்லையா?"

"அவளா?" என்று லிஃப்ட்காரர் புது அறையிலிருந்து சிரித்துக்கொண்டே அடித்தார். "அவள் சுத்த அப்பாவி. ஊசியில் நூல் கோக்கத் தெரியும். சூது வாது ஒன்றும் தெரியாது."

அனுப்பின மாத்திரத்தில் ஹாலில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. பிறகு பதில் வந்தது. "அப்படி ஒரு மனைவி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்." மெஷின் மறுபடி ஓடத் தொடங்கிற்று.

"உண்மைதான்" என்று எழுதும்போது லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வில்லனுக்குள் இத்தனை நல்ல மனசா!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டார். பகடைகளைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டார். "மூடர்களே, மண்டியிடுங்கள்!" என்று ஆரம்ப வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே தன் அறைக்குப் போனார். தன் அறை! நாற்பத்தாறு வயசில் முதல்முறையாகத் தன் சொல் செல்லப்போகிற நாலு சுவர்!

வாசலில் கூட்டம். தையலம்மா புதுப்புடவையில் நின்றாள். பக்கத்தில் எதிர்வீட்டு நர்ஸ், கையில் பூங்கொத்து. நர்ஸுக்குப் பின்னால் அவர் கணவர், ஒரு கேக் பெட்டியோடு.

"அண்ணா!" என்று நர்ஸ் கையைத் தட்டினார். "பதினாலு வருஷம் ஆச்சு, இன்னும் இப்படி ஒரு அன்பா! பொண்டாட்டிக்குக் கல்யாண நாள் பரிசா தையல் ரூமே கட்டிக் கொடுத்துட்டீங்களே! என் வீட்டுக்காரர் போன வருஷம் ஒரு குடை வாங்கிக் கொடுத்தார்."

அவர் கணவர் பெட்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

லிஃப்ட்காரருக்கு மனசுக்குள் அன்றைக்கு அடித்த மணி என்னவென்று இப்போது விளங்கிற்று. பதினாறு! கல்யாண நாள்! வாய் திறந்தார். என்ன சொல்வது? கல்யாண நாளை மறந்துவிட்டேன், இந்த அறை நான் வில்லன்களோடு பகடை உருட்டக் கட்டினது என்றா? பூங்கொத்துக்கு முன்னால் நின்றுகொண்டா?

"நான்தான் சொன்னேனே" என்று தையலம்மா நர்ஸிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வாரமா என்கிட்ட மறைச்சு மறைச்சுச் செய்யறாரு. கம்பெனிப் பயிற்சின்னு பொய் வேற. துணி வெட்டறதுக்கு மேசை உயரம் பாருங்க, அளவெடுத்த மாதிரி இருக்கு. நிறம் சரியாத் தெரியணும்னு வெள்ளைச் சுவரு. நிழல் விழாத லைட்டு. அயர்ன் பாக்ஸுக்குப் பிளக்கு. என் மனசுல என்ன இருக்குன்னு இவருக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ! ஏங்க, எனக்காகத்தானே?"

மூன்று ஜோடிக் கண்கள் அவரையே பார்த்தன.

"பின்னே... வேற யாருக்கு?" என்றார் லிஃப்ட்காரர். அது அவருடைய குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

மணி மூன்றே முக்கால். கேக்கில் ஒரு துண்டு தின்றார். மூன்று ஐம்பத்தைந்துக்குப் போனை எடுத்துக்கொண்டு நழுவினார். ஒரே ஒரு இடம்தான் மிச்சம். குளியலறைக் கதவைத் தாழிட்டு, பழக்கதோஷத்தில் குழாயைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். அறை போனது போகட்டும், ஆட்டமாவது நடக்கட்டும். ஆனால் அறை இல்லை என்று தெரிந்தால் கரும்பூரான் ஓடிவிடுமே! நாலாவது ஆள் இல்லாமல் நேரம் பறிபோகுமே! மறுபடி பஞ்சா?

நாலு மணி. பல் டாக்டர் வந்தார். போட்டோகிராபர் வந்தார். நூலகர் இரண்டு நிமிஷம் லேட்டாக வந்து மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். போன் திரையில் நாலாவது கட்டம் காலியாகவே இருந்தது.

டிங் என்றது போன். கரும்பூரான் வந்தாயிற்று. முதல்முறையாக மைக்கைப் போட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். தாமதத்துக்கு மன்னிக்கணும். புது ரூம், புது மேசை. இப்பத்தான் வந்தவங்களை அனுப்பிட்டு வரேன்."

குரல் போனிலிருந்து வந்தது. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்தும் வந்தது.

லிஃப்ட்காரர் வாளியிலிருந்து சறுக்கினார். லிஃப்ட் கதவு, வெள்ளைச் சுவர், டியூப் லைட், பதினாறாம் தேதி, பதினொரு வருஷத்துப் பச்சை எல்லாம் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்து நின்றன. கோபம்தான் வரவேண்டும். வரவில்லையே! அடி அம்மாடி, என்ன மூளை! என்ன பொறுமை! கத்தியில்லை, விஷமில்லை, ஒரு வார்த்தை அதட்டல் இல்லை. இப்படி ஒரு வில்லன் எந்தக் கதைத்தலைவனுக்குக் கிடைப்பான்? அவளை ஆட்டத்தில் சேர்த்த பெருமை தன்னுடையதுதானே என்றுகூட அவருக்கு ஒரு கணம் தோன்றிற்று. எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"மூடர்களே!" என்று கர்ஜித்தார். "மண்டியிடுங்கள்!"

"மண்டியிடறோம் கதைத்தலைவரே" என்றது கரும்பூரான் பணிவாக. "அந்தக் குழாயை மட்டும் கொஞ்சம் மூடுங்க, மேல்தொட்டித் தண்ணி தீர்ந்துரும்."