எட்டு மாதம் கெடாத கணவாய்

கண்ணால் காணாத ஒரு மலையைப் பற்றி, அதன் பெயரையே கேட்டறியாத மக்களிடம், முக்கால் மணி நேரம் முழங்கியவன் நான். முழங்கியதைக்கூட மன்னித்துவிடலாம். அவர்கள் ஏன் அத்தனை ஆவலோடு கேட்கிறார்கள் என்று ஒரு கணமும் ஐயுறாமல் இருந்தேனே, அதை மன்னிக்க இயலவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பகுதி. விழுப்புரத்து வாசகசாலை ஒன்றின் விவாத மேடையில் மும்முறை பரிசு வென்று, வெறுந்தரையில் நடப்பதையே இழிவாகக் கருதியிருந்த காலம். (மூணு தபாவும் பரிசு ஒரு சீப்புதான். என் தலையைப் பற்றி நடுவர்களுக்கு ஏதோ கருத்து இருந்திருக்க வேண்டும்.) அனந்தபுரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிட்ட என் தந்தைக்கு என் நாவைவிட என் கைகளே வேண்டியிருந்தன. "இந்தத் தபா வேலையோட வா. இல்லன்னா மம்முட்டிய எடுத்துக்கினு நேரா கொல்லைக்கு வந்துடு" என்று சொல்லி அனுப்பினார்.

வேலை, பொம்மையார்பாளையத்துக் கடற்கரையில் ஒரு சிறு பள்ளியின் ஆசிரியர் பதவி. தாளாளர் சிங்காரம் மூன்று படகுகளுக்குச் சொந்தக்காரர். ஊர் முன்னிலையில் நான் ஒரு சொற்பொழிவு ஆற்ற வேண்டும். ஊர் ஒப்பினால் பதவி எனக்கு. எவராலும் மறுத்துப் பேச முடியாத பொருளாக வேண்டுமென்று, வாசகசாலையில் என்னையும் கரையானையும் தவிர வேறெவரும் தொட்டிராத ஓர் ஆங்கில நூலிலிருந்து தலைப்பெடுத்தேன்: 'ஆல்ப்ஸ் மலையின் கோவேறு கழுதைக் கணவாய்: வரலாறும் பயன்களும்.'

தமுக்கடித்தவருக்கு அவ்வளவு நீளம் நாவில் நிற்கவில்லை. "கணவாயோட பயனப் பத்திப் பேசப் படிச்சவரு வந்துகிறாரு!" என்று சுருக்கிவிட்டார்.

மலைகளுக்கிடையே செல்லும் வழிக்குக் கணவாய் என்று பெயர். கடலில் பிடிபடும் ஓர் உயிருக்கும் அதுவே பெயர். உள்நாட்டானாகிய நான் பின்னதை அறியேன். கரையோரத்தாராகிய அவர்கள் முன்னதை அறியார். அந்த வாரம் வலை நிறையக் கணவாயே விழுந்து, வாங்குவாரின்றிக் கூடை கூடையாகக் கெட்டுக்கொண்டிருந்ததையும் எனக்கு எவரும் சொல்லவில்லை.

பிற்பகலில் கொட்டகை நிரம்பி வழிந்தது.

"பெருமக்களே! கணவாய் இயற்கை ஈந்த பெருங்கொடை! பனி மூடினால் எட்டு மாதம் அப்படியே கிடக்கும்!"

முன்வரிசையில் கூடையுடன் இருந்த மீன்காரி அஞ்சலையம்மாள் எழுந்தார். "எட்டு மாசம் கெடாம கெடக்குமாங்க?"

"கெடுவதா? ஆயிரம் ஆண்டாக அப்படியே இருக்கிறது, தாயே!"

"யம்மாடி! எங்களுது ரெண்டு நாளு தாங்கல."

(மழையில் சரிந்திருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். கடற்கரையில் மலை ஏது என்ற ஐயம் எழுந்தது; எழுந்ததை நானே உட்காரவைத்தேன்.)

"கோவேறு கழுதைகள் உப்பு மூட்டைகளோடு கணவாயில் வரிசையாகச் சென்றன!"

சிங்காரம் நாற்காலியிலிருந்து திரும்பினார். "கேட்டுக்கங்கடா! உப்பப் போட்டுக் கழுத மேல ஏத்திடணுமாம். திண்டிவனம் சந்தை வரைக்கும் போவுமாங்க?"

"இத்தாலி வரை போகும், ஐயா!"

கைதட்டல் கூரையைப் பெயர்த்தது. மயங்கினேன். "மலைமேல் ஒரு மடம். அங்குள்ள துறவிகள் கணவாயை நம்பியே வாழ்கிறார்கள்!"

"சாமியாருங்களே துன்றாங்களா?" என்றார் ஒரு முதியவர்.

துறவிகளின் உணவைக் கேட்கிறார் என்று கொண்டு, "ரொட்டியோடு" என்றேன்.

"ஒண்ணு எம்மாம் பெருசுங்க?"

"இரண்டு கழுதைகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடமிராது!"

அஞ்சலையம்மாளுக்குப் பொறுமை போயிற்று. "இன்னா பேஜாரு இது? கழுத பூந்து வர்ற கணவாயா?" என்று மேடையேறி, கூடையிலிருந்து ஒன்றை எடுத்து என் மேசைமேல் அறைந்தார். "இதத்தான சொல்றீங்க? நல்லாப் பாத்து சொல்லுங்க."

வெளுத்து, வழவழத்து, வாயருகே கொத்துக் கொத்தாய்க் கைகளோடு கிடந்தது. "இது யாது, அம்மையே?" என்றேன்.

கொட்டகை அடங்கிற்று. (முக்கால் மணி நேரத்தில் நான் பெற்ற முழு அமைதி அது ஒன்றுதான்.) ஆராய்பவனைப்போல் அதை இரு கைகளாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்தேன். கணவாயின் வயிற்றில் மைப்பை உண்டென்பதை அப்போதுதான் கற்றேன். வெள்ளை ஜிப்பா கழுத்திலிருந்து முழங்கால் வரை கறுத்தது.

"பயன் கேக்க வந்தோம். சொக்காய்க்குச் சாயம் போடலாம்னு காட்டிட்டாரு. வாங்கடி போவலாம்" என்றார் அஞ்சலையம்மாள். ஊர் தலையசைத்தது, பக்கவாட்டில்.

திரும்புகையில் பஸ்ஸில் ஒரு பெஞ்சு முழுவதையும் எனக்கே விட்டுக்கொடுத்தார்கள். வாசலில் நின்ற தந்தை மார்புக் கறையைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "கையெழுத்துப் போட்டியாடா? பேனா மைய கொட்டிக்கினியா?" எந்தத் தரப்பிலும் பேசப் பழகிய நான் அன்று கால் கழுவக் கிணற்றடிக்கு நழுவினேன். அவர் தெரு முழுக்க வெல்லம் வழங்கி முடித்த வேளையில், ஜிப்பாவை ஊறவைத்த என் தாய் உள்ளிருந்து கூவினாள்: "இன்னாங்க, இந்த மையி மீன் வாட அடிக்குதே!"

அந்தப் பருவம் முழுவதும் மல்லாட்டை பிடுங்கினேன்.

நாற்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. நியமன உத்தரவைத் தந்தையிடம் பணிந்து நீட்டினேன். எழுத்தறியாத அவர் அதைப் புரட்டிப் பார்த்தார்; பிறகு மூக்கருகே கொண்டுபோய் நெடுநேரம் மோந்தார். "சரி, இது வேலதான்" என்றார்.

அதுமுதல் உறவினரின் கலியாணப் பத்திரிகை ஆயினும், என் மகனின் மதிப்பெண் தாள் ஆயினும், மூக்கென்னும் கணவாயைக் கடக்காமல் எதுவும் எங்கள் வீட்டில் கண்ணுக்கு வருவதில்லை.