மூன்று கார்டு போட்ட பெட்டி

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி மாப்பிள்ளை ஜெய்ராமுக்கு, மாமனார் திருவேங்கடம் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கு நானும், உங்கள் மாமியார் பட்டுவும், அவளுடைய புது முழங்காலும், என் ரௌட்டரும் சௌக்கியம். பெங்களூரில் நீங்களும், பிரியம்வதாவும், நேற்று அரங்கேற்றம் முடித்த குழந்தை அக்ஷராவும் சௌக்கியமாக இருக்கப் பெருமாள் அருள்வார்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் லினக்ஸ் என்று ஆரம்பித்தால் உங்களுக்கு உடனே ஒரு மீட்டிங் வந்துவிடுகிறது.

ஆபரேஷன் ஆன காலோடு பயணம் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று பட்டு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பேத்தியின் அரங்கேற்றத்தை ஒரு நொடிகூடத் தடங்கலில்லாமல் இவளுக்குக் காட்டியே தீருவது என்று அப்போதே முடிவு செய்தேன். எங்கள் தெரு இன்டர்நெட் உங்களுக்குத் தெரியாததா? நாலு தூறல் போட்டால் கேபிள்காரர் லைன் படுத்துவிடும். பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டால் இன்னொரு கம்பெனி லைன் அறுந்துவிடும். ஆகவே இரண்டையும் ஒரே பெட்டியில் வாங்கி, ஒன்று போனால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். கடையில் ஒரு ரௌட்டர் வாங்கிவிடுங்கள் மாமா, இந்த வயதில் லினக்ஸ் எதற்கு என்றீர்கள். கார்டன் ரீச்சில் முப்பத்து நாலு வருஷம் ரயில்வே சிக்னல் இலாகாவில் இருந்தவனிடம் சொன்னீர்கள். கோபமில்லை, நினைவூட்டுகிறேன், அவ்வளவுதான்.

பரணிலிருந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கி, அதில் லினக்ஸ் ஏற்றி, இந்த ஊர் சாந்தினி சௌக்கில் மூன்று நெட்வொர்க் கார்டு வாங்கிச் செருகினேன். கேபிள்காரர் லைன் வருகிற கார்டுக்கு அப் லைன், கம்பெனிக்காரன் கார்டுக்கு டவுன் லைன், வீட்டுக்குள் போவதற்குப் பிளாட்பாரம் என்று பெயர் எழுதி ஒட்டினேன். எங்கள் இலாகாவில் ஸ்டேஷன் மாஸ்டர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட மாட்டோம். இந்த வீட்டு ஸ்டேஷன் மாஸ்டர் பட்டுதானே? ஒவ்வொரு தடவை வயரைக் கழற்றும்போதும் நோட்டை நீட்டினேன். குழம்பு கொதிக்கிறபோது கரண்டியும் கையுமாகக் கையெழுத்துப் போட்டாள், முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

முதல் நாள் எல்லாம் ஜோராக ஓடியது. பெட்டியை ஒரு தரம் அணைத்துப் போட்டதும் வந்தது வினை. லினக்ஸ் தன் பாட்டுக்குக் கார்டுகளின் பெயரை மாற்றிவிட்டது. அப் லைனைப் பிளாட்பாரம் என்று எடுத்துக்கொண்டது. வீட்டுக்குள் இருக்கிற டிவிக்கும் போனுக்கும் நெட் அட்ரஸ் கொடுக்க வேண்டிய என் பெட்டி, கேபிள்காரர் லைன் வழியாக வெளியே போய், அவரிடம் கனெக்‌ஷன் வாங்கிய எங்கள் கட்டடத்துப் பதினாலு வீட்டுக்கும் அட்ரஸ் விநியோகம் பண்ண ஆரம்பித்துவிட்டது. அந்தத் தப்பு அட்ரஸால் பதினாலு வீட்டிலும் நெட் காலி. எல்லோரும் கீழே கூடிக் கேபிள்காரரைத் திட்டினார்கள், நானும்தான் திட்டினேன். கீழ் வீட்டுப் போஸ் பாபு புகார் மனு கொடுப்போம் என்றார். ரயில்வே இங்கிலீஷில் இரண்டு பக்கம் எழுதி, முதல் கையெழுத்தும் நானே போட்டேன். மனுவில் கோளாறு ஆரம்பித்த நேரத்தை எழுதும்போதுதான், அது நான் பெட்டியைப் போட்ட நேரம் என்பது உறைத்தது. மாடிக்கு ஓடினேன், அன்று மட்டும் ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்காமல் வயரைப் பிடுங்கினேன்.

மறுநாள் போஸ் பாபுவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அந்த மனுஷர் கோபப்படவில்லை. பதினாலு வீட்டுக்குத் தனியாளாக அட்ரஸ் கொடுத்தீர்களா என்று அசந்துபோனார். அதன்பிறகு, ஒவ்வொரு கார்டிலும் பிறவியிலேயே பொறித்திருக்கிற நம்பரைப் பார்த்து, அந்த நம்பருக்கு இந்தப் பெயர்தான் என்று கட்டிப்போட்டேன். பதினோரு தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன், பெயர் அசையவில்லை.

நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் போஸ் பாபுவும் அவர் மனைவியும் வந்து உட்கார்ந்தார்கள். பட்டுவின் போனை டிவியில் இணைத்து, நீங்கள் அனுப்பியிருந்ததை நானே அழுத்தினேன். குழந்தை வந்து நின்றாள் பாருங்கள், பட்டு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்ல வெட்கமில்லை. வர்ணம் பாதியில் இருக்கும்போது போஸ் பாபு பார்க்கட்டும் என்று அப் லைனைக் கழற்றினேன். படம் இமைக்கவில்லை. அந்த உற்சாகத்தில் கைதவறி டவுன் லைனும் கழன்றுவிட்டது. இரண்டும் தொங்கிய ஒன்றரை நிமிடமும் ஆட்டம் நிற்கவில்லை. பெட்டி கையிருப்பை வைத்தே சமாளித்திருக்கிறது. உங்கள் கடை ரௌட்டர் இதைச் செய்யுமா? சபையில் யாரும் கைதட்டவில்லையே என்று போஸ் பாபு கேட்டார். எங்கள் ஜனங்கள் கடைசியில்தான் தட்டுவார்கள் என்று விளக்கினேன். நாற்பது நிமிடத்தில் நின்றது, இடைவேளை என்று சொல்லி எல்லோருக்கும் காபி கொடுத்தோம். அப்புறம் வரவில்லை. உங்கள் பக்கம்தான் ஏதோ கோளாறு, கவனியுங்கள். அரங்கேற்ற வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும் என்று உங்களை அழைத்துத் தொந்தரவு செய்யவில்லை.

குழந்தைக்கு எங்கள் இருவர் ஆசியும், சம்பந்திகளுக்கு நமஸ்காரமும் சொல்லவும். வயது எழுபத்தொன்றானாலும் கை ஓயவில்லை என்கிற திருப்தியோடு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
திருவேங்கடம்

பி.கு.: உறையை ஒட்டுகிற நேரத்தில் பட்டு பிரியம்வதாவைப் போனில் அழைத்து, பச்சை உடுப்பில் குழந்தை அம்மன் மாதிரி இருந்தாள் என்றாள். பச்சை ஒத்திகைக்கு உடுத்தியதாம். அரங்கேற்றத்துக்கு மாம்பழ மஞ்சளாம். வெள்ளிக்கிழமை நீங்கள் அனுப்பிய ஒத்திகை வீடியோ அன்றே பட்டுவின் போனில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. நேரலை லிங்க் அதற்குக் கீழே இருந்திருக்கிறது. நான் மேலே இருந்ததை அழுத்திவிட்டேன். அது ஓட லைனும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். பட்டு திட்டியிருந்தால் தேவலை. “போறது விடுங்கோ. பூஜைக்கு வரச்சே குழந்தைய இந்தக் கூடத்துல ஒரு தரம் ஆடச் சொல்லுங்கோ, நேராவே பாத்துக்கறேன்” என்றாள். சோபாவை ஓரமாக நகர்த்திவிட்டேன். அவசியம் அழைத்து வாருங்கள். அன்றைக்கு இங்கிருந்து சம்பந்திகளுக்கு என் பெட்டி வழியாக நேரலையில் காட்டுவோம். போனில் அழுத்துகிற வேலையை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.