கோர்னியைத் திருப்பி அனுப்பக் கோரும் மனு

என் மனைவி வெர்னாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆஸ்பத்திரியில். கட்டிலில் சாய்ந்தபடியே என்னை விரட்டிக்கொண்டிருந்தாள்.

"மணி ஆறரை. ஏழுக்கு மேட்ச். இன்னும் என் மூஞ்சியில என்னத்தத் தேடுறே?"

"இன்னிக்கி உன்கூட இருக்கேனே."

"நீ இருந்தா நான் தூங்குன மாதிரிதான். போ. வந்து ஸ்கோர் சொல்லு. தோத்துட்டு ஜெயிச்சோம்னு பொய் சொல்லாதே. நர்ஸ்கிட்ட ரேடியோ இருக்கு."

போனேன். நாலுக்கு ரெண்டு, ஜெயித்தோம். திரும்பி வந்தபோது சொல்வதற்கு ஆள் இல்லை.

அவள் அன்று என்னை அனுப்பிய பனியரங்கத்துக்குள் இனி காலே வைக்க மாட்டேன் என்று ஒரு காலத்தில் ஊரறியச் சபதம் செய்தவன் நான். அந்தச் சபதம் என்ன ஆயிற்று என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அழ வைக்கும் சமாசாரம் இனி இதில் இல்லை. அசடு வழியும் சமாசாரம்தான்.

எண்பத்து மூன்றாம் வருஷம், நவம்பர். எங்கள் ஊர் மார்ட்டன் கிராசிங், சஸ்காச்சுவான் மாகாணம். மூவாயிரம் பேர், இரண்டு தானியக் கிடங்கு, ஒரு ஐஸ் ஹாக்கி அணி. அணியின் பெயர் பேட்ஜர்ஸ். ஆடுகிறவர்கள் எல்லாம் இருபது வயதைத் தாண்டாத பையன்கள். ஒரு காலை ரேடியோவில் இடி விழுந்தது. எங்கள் கோல் மன்னன் டேல் ஹோப்னரை வேறு ஊர் அணிக்குக் கொடுத்துவிட்டு, மாற்றாகப் பதினேழு வயதுத் தற்காப்பு ஆட்டக்காரன் ஒருவனை வாங்கிவிட்டார்கள். பெயர் கோர்னி தீசன். பதினெட்டு ஆட்டத்தில் அவன் போட்டது ஒரே ஒரு கோல். அதுவும் எந்தப் பக்கத்து வலையில் என்று ரேடியோக்காரன் சொல்லவில்லை.

நேராகக் காப்பிக் கடைக்குப் போனேன். நாற்காலி மேல் ஏறினேன்.

"கறக்குற மாட்டைக் குடுத்துட்டுக் கன்னுக்குட்டிய ஓட்டிட்டு வந்திருக்கான் நம்ம மேனேஜர்! அந்தப் பையன் திரும்பிப் போற வரைக்கும் இந்த ஓரெஸ்ட் கொவால் பனியரங்கத்துல கால் வைக்க மாட்டான்!"

மேசைகள் அதிர்ந்தன. என் சிநேகிதன் லார்ன்கூடக் கைதட்டினான். அவன் எதற்கும் கைதட்டாதவன். நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில், சாப்பாட்டு மேசையில், என் நாற்காலியில், ஒட்டகச்சிவிங்கி மாதிரி ஒரு பையன் உட்கார்ந்து என் பெரோகிக் கொழுக்கட்டைகளை விழுங்கிக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான். கூரை விளக்கில் தலை இடித்தது.

"வணக்கம், மிஸ்டர் கொவால். நான் கோர்னி."

நான் வெர்னாவைப் பார்த்தேன். வெர்னா அடுப்பைப் பார்த்தாள்.

வெளியூர்ப் பையன்களை ஊர்க்காரர்கள் வீட்டில் வைத்துச் சோறு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எந்த வீட்டுக்கு எந்தப் பையன் என்று பிரிக்கும் குழுவில் என் மனைவி செயலாளர். அது எனக்குத் தெரியும். அவள் எனக்கே ஒருவனைப் பிரித்து வைப்பாள் என்றுதான் தெரியாது.

"ஜனவரி பத்து வரைக்கும்தான்," என்றாள் சமையலறையில், ரகசியக் குரலில். "அன்னிக்கிதான் கடைசி நாள். வெச்சுக்கறதா, வீட்டுக்கு அனுப்புறதான்னு கிளப்பு அன்னிக்கி முடிவு பண்ணணும். அதுக்கப்புறம் இந்த வருஷம் எந்த அணியும் அவனை எடுக்காது. பன்னி வளக்குற அப்பன் பின்னாடியே போக வேண்டியதுதான்."

"நல்ல தொழில்தானே?"

"அப்ப நீ போயேன்."

பகிரங்கப் போர் நடக்காது என்று புரிந்தது. மறைமுகமாக இறங்கினேன். பையனே "வீட்டுக்குப் போறேன்" என்று சொன்னால் தீர்ந்தது.

கீழறையில் ஹீட்டரைக் குறைத்தேன். "எங்க வீட்ல ஜன்னலுக்கு உள்பக்கம் பனி பிடிக்கும், மிஸ்டர் கொவால். இங்க சொர்க்கம்," என்றான். நாலு நாள் தொடர்ந்து டர்னிப் கிழங்கு வேகவைத்துப் போட்டேன். இரண்டாம் தட்டு கேட்டான். விடிய ஐந்து மணிக்கு எழுப்பி, வாசலில் பனி வாரச் சொன்னேன். எங்கள் வாசலை முடித்துவிட்டு, எதிர்வீட்டு விதவை மிஸஸ் பாபியாக் வாசலையும் வாரிவிட்டு, ஒரு கேக்கோடு திரும்பி வந்தான். கேக்கில் எனக்குப் பங்கில்லை. அவன் பெயர் எழுதியிருந்தது.

கடைசியில் மக்கள் சக்தியை நம்பினேன். மனு.

வாசகம் நானே சொன்னேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும் என் தமுக்கடிக்கும் நடை எனக்குத் தெரியும். பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிற வெர்னாதான் டைப் அடித்தாள். எதிர்ப்பே சொல்லவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"படிச்சுப் பாத்துக்கறியா?" என்றாள், தாளை அட்டையில் செருகியபடி.

"நான் சொன்னத நானே படிக்கணுமா?"

உண்மையில் இரண்டு வருஷமாக எனக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கலாகவே தெரிந்தது. கண்ணாடி போட்டால் கிழவனாகிவிடுவோம் என்று பயம். கை நீளமாக இருக்கும் வரை கண்ணாடி எதற்கு என்பேன். டைப் எழுத்துக்குக் கை போதவில்லை.

முதலில் லார்னிடம் நீட்டினேன். படித்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். மறுபடி படித்தான்.

"ஓரெஸ்ட், நெசமாவா?"

"நெசம்தான்."

"வெர்னாவுக்குத் தெரியுமா?"

"டைப் அடிச்சதே அவதான்."

"உன்னை நான் தப்பா நெனச்சிட்டேன்டா," என்று கையெழுத்துப் போட்டான். கண் கலங்கின மாதிரி இருந்தது. என் நடையின் பலம் அப்படி.

அப்புறம் நிற்கவில்லை. தபால்காரர் போட்டார். பாதிரியார் போட்டு, என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். மிஸஸ் பாபியாக் போட்டுவிட்டுக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "இவ்வளவு வாரித் தந்த பையனுக்கு எதிரா இந்தம்மாகூடப் போடுதே!" என்று மனித குலத்தின் நன்றிகெட்டதனத்தை நினைத்து வியந்தேன். புத்தாண்டுக்குள் இருநூற்றுப் பதினோரு கையெழுத்து.

ஆட்டத்துக்கு வெர்னாவைக் கொண்டுவிடுவது மட்டும் என் வேலை. அவள் உள்ளே, நான் வெளியே வண்டியில். சபதம் சபதம்தான். ஜனவரி ஆறாம் தேதி, பூச்சியத்துக்குக் கீழே முப்பத்து நாலு டிகிரி, வண்டியின் ஹீட்டர் உயிரை விட்டது. பனித்தரையைத் தேய்க்கும் எந்திரம் வெளியே வருகிற பின்கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. வெளிச்சம் தெரிந்தது. சூடு வந்தது. தலையை மட்டும் உள்ளே விட்டேன்.

எதிரணியின் இரண்டு பேர் பாய்ந்து வருகிறார்கள். தடுக்க எங்கள் பக்கம் ஒரே ஒருவன், கோர்னி. முட்டவில்லை, மோதவில்லை. பின்னோக்கியே சறுக்கிக்கொண்டு போனான், வருகிறவர்களுக்கு வழிகாட்டுகிற மாதிரி. பிறகு மேசையில் உப்பை எடுப்பது போலக் மட்டையை நீட்டி ரப்பர் வட்டை எடுத்துக்கொண்டான். எடுத்த வேகத்தில் நீளமாக முன்னே அனுப்பினான். நாங்கள் கோல் போட்டோம். வந்த இருவரும் இன்னும் வட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அரை மணி நேரம் பார்த்தேன். வட்டு எங்கள் வலைப்பக்கம் வரவே காணோம். ஏன் வரவில்லை என்று பார்த்தால், வரும் வழியில் அவன் நிற்கிறான். கடைசி நிமிஷத்தில் எதிரணிக்காரன் அடித்த அடிக்குக் குறுக்கே விழுந்தான். கணுக்காலில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. எழுந்து, நொண்டியபடியே அடுத்த அடிக்கும் குறுக்கே விழுந்தான்.

"ஓரெஸ்ட்!" பின்னால் லார்ன், கையில் காப்பியோடு. "சபதம் என்னாச்சு?"

"கால் வைக்கலையே. தலை மட்டும்தான் உள்ள."

"பாத்தியா பையனை? டேல் ஒரு கோல் போடுவான், நாம ரெண்டு வாங்குவோம். அத யாரும் எண்ணவே இல்ல. இவன் வந்தப்புறம் பத்து ஆட்டத்துல எட்டு ஜெயிச்சிருக்கோம். மேனேஜர நாம முட்டாள்னோம்."

கையெழுத்துப் போட்டவனே இப்படிப் பேசுகிறான்! உள்ளே பார்த்தால் பாதிரியாரும் மிஸஸ் பாபியாக்கும் எழுந்து நின்று கோர்னி, கோர்னி என்று கத்துகிறார்கள். ஊருக்கே இரட்டை நாக்கு என்று எண்ணிக்கொண்டேன். எனக்கு ஒரே நாக்கு. அதுதான் இப்போது என்னை மாட்டிவிட்டது. இருநூற்றுப் பதினோரு பேர் சேர்ந்து இந்தப் பையனைப் பன்றிகளிடம் அனுப்பப் போகிறோம். அத்தனை பேரையும் திரட்டியவன் நான்.

ஒன்பதாம் தேதி, பாத்திரம் துடைத்துக்கொண்டே கோர்னி கேட்டான். "மிஸ்டர் கொவால், பெட்டிய எடுத்து வெச்சிடவா? அப்பா வர ஆறு மணி நேரம் ஆகும். அதான் முன்னாடியே சொல்லணும்."

நான் இருமினேன்.

அவன் கீழே போனதும் வெர்னாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "அந்த மனு... எங்க வெச்சேன்னே தெரியல."

"அலமாரியில, உன் தொப்பிக்குக் கீழ."

"பனியில நனைஞ்சு போயிருக்குமோ?"

"காஞ்சுதான் இருக்கு. நாளைக்கிக் குடுத்துரு. இருநூத்திப் பதினோரு பேர் உன்னை நம்பியிருக்காங்க. வாக்குன்னா வாக்கு. நீதானே நாற்காலி மேல ஏறுனே?"

அவள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் அந்த முகத்தை நான் ஒருமுறைகூடச் சரியாகப் படித்ததில்லை.

மறுநாள் மேனேஜர் ஹெக்டரின் அறைக்குப் போனேன். மனுவை நீட்டினேன். நீட்டிய கையை விடவில்லை.

"ஹெக்டர், இதுல எழுதியிருக்கிறதச் செய்யாதே."

ஹெக்டர் ஒரு பக்கம் இழுத்தான், நான் ஒரு பக்கம் இழுத்தேன். வென்றது அவன். படித்தான். முகம் வாடியது.

"ஏன் ஓரெஸ்ட்? இத்தனை பேர் கேட்டிருக்காங்களே."

"கேட்டவங்க முட்டாளுங்க. முதல் முட்டாள் நான். கிழிச்சுப் போடு."

"அப்ப பையனை அனுப்பிடச் சொல்றியா?"

"அனுப்பாதேங்கிறேன்!"

"இதுவும் அனுப்பாதேன்னுதானே சொல்லுது?"

ஹெக்டர் தன் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். போட்டுக்கொண்டேன். எழுத்து ஊசி மாதிரி தெரிந்தது.

'கோர்னி தீசனை அணியில் வைத்துக்கொள்ளும்படி கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். அவன் பள்ளிப்படிப்பு முடியும்வரை, இரண்டு வருஷமும், தங்க இடமும் மூன்று வேளை உணவும் திரு. ஓரெஸ்ட் கொவால் மனமுவந்து அளிப்பார்.'

முதல் கையெழுத்து என்னுடையது. கொட்டை எழுத்தில்.

"அவனுக்கு நிரந்தரமா ஒரு வீடு கெடைக்கலன்னுதான் நான் தயங்கிட்டிருந்தேன்," என்றான் ஹெக்டர். "நீ பெரிய மனுஷன், ஓரெஸ்ட்."

பெரிய மனுஷன் வீட்டுக்கு நடந்தான். வழியிலேயே ஒரு முகபாவத்தைத் தயார் செய்துகொண்டான். கோர்னி சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் பெட்டி.

"கீழ கொண்டு போய் வை," என்றேன். "அப்பாவுக்குப் போன் பண்ணி, வர வேண்டாம்னு சொல்லு."

அவன் என்னைத் தூக்கியே விட்டான். விளக்கில் இந்த முறை என் தலை இடித்தது.

சமையலறையில் வெர்னா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் தொண்டையைக் கனைத்தேன். "யோசிச்சுப் பாத்தேன். பையன் இருக்கட்டும்னு நானே முடிவு பண்ணிட்டேன்."

"நல்ல முடிவு," என்றாள், திரும்பாமல். "தாளைத் திருப்பிப் பாத்தியா?"

"திருப்பியா?"

"கோல் காக்கிற பையனும் திங்கக்கிழமை நம்ம வீட்டுக்கு வர்றான்."

அந்த வருஷத்திலிருந்து இன்றுவரை இந்த வீட்டின் கீழறையில் இருபத்தேழு பையன்கள் தங்கியிருக்கிறார்கள். இப்போது இருப்பவன் பெயர் ப்ரேடன், தற்காப்பு ஆட்டக்காரன். காலையில் ஆறு முட்டை சாப்பிடுகிறான்.