விட்பி மானுக்கு வைத்த பூசணிக்காய்

தூரத்தில் வீடு வாங்கியவனுக்குக் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. விருந்தாளியை வரவழைப்பதுதான் பிரச்சினை. தொண்ணூறுகளின் நடுவில், நகரத்துக்கு வெகுதூரத்தில் இருந்த விட்பியில் புது வீடு வாங்கிய முதல் வருடத்திலேயே இந்த ஞானம் எனக்குக் கிடைத்துவிட்டது.

அதற்கு முன் நானும் மனைவி வதனியும் நகரத்துக்குள், நம் சனம் நெருங்கி வாழும் அஜின்கோர்ட்டில் ஓர் அப்பார்ட்மென்ட்டில் இருந்தோம். கதவைத் திறந்தால் சொந்தக்காரர். மூடினால் தொலைபேசியில் அதே சொந்தக்காரர். எனக்கு அது தொல்லையாக இருந்தது, வதனிக்கோ அதுதான் மூச்சு. அதைப்பற்றி ஒரு கணமும் யோசிக்காமல், வயல்வெளி ஓரத்தில் முளைத்த குடியிருப்பில் கடைசித் தெருவின் கடைசி வீட்டை வாங்கினேன். (குடிபூரலுக்கு வந்த சனம், பால் பொங்கி முடிவதற்குள் "இருட்டுறதுக்கு முன்னம் வெளிக்கிடுவம்" என்று சொல்லத் தொடங்கிவிட்டது. அப்போது காலைச் சாப்பாடுகூட ஆகவில்லை.)

வதனியின் அக்கா கணவர் தவம் அண்ணை என் சகலன். தொலைபேசியில் எப்போது கூப்பிட்டாலும் ஒரே கேள்விதான்.

"உங்கட வீட்டுக்கு வாறதெண்டால் பாஸ்போட்டும் கொண்டுவரவேணுமோ?"

நான் இருட்டில் ரெயின் ஏறி, இருட்டிலேயே திரும்பி வருவேன். வயிற்றில் பிள்ளையோடு வதனி நாள் முழுக்க அறுவடை முடிந்த சோள வயலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒக்ரோபர் மாதத்தில் ஒருநாள் சோறு போட்டபடியே சொன்னாள்.

"பிள்ளை பிறக்க முன்னம் திரும்ப அஜின்கோர்ட்டுக்குப் போவம். இஞ்ச எனக்குக் கதைக்க ஆளில்லை."

அவள் கோபப்பட்டுச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சட்டியில் இருந்த கடைசி மீன் துண்டையும் எனக்கே போட்டுவிட்டுச் சொன்னாள். அதனால் பயந்துபோனேன்.

அடுத்த கிழமை வேலையால் வந்தபோது வீடு முழுக்க வெளிச்சம். வதனி தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்வேலிக்கு வெளியே மூன்று மான்கள் வந்து நின்றனவாம். ஒன்று அவளை நேரே பார்த்ததாம். அவள் அஜின்கோர்ட் முழுவதற்கும் செய்தி சொல்லி முடிக்க இராச்சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

மறுநாள் மான் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஜன்னலோரத்தில் அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் எனக்குள் ஒரு வீரன் எழும்பிவிட்டான். வேலையிடத்தில் விசாரித்தேன். "ஆப்பிள் போடு, வரும்" என்றார்கள். அடிபட்ட ஆப்பிள் ஒரு மூட்டை வாங்கி, வேலிக்கு அப்பால் இருந்த சின்னப் பள்ளத்தில் கொட்டினேன். வந்தன. கரட் போட்டேன், சோளம் போட்டேன். தவறாமல் வந்தன. (எனக்குக்கூட அந்த வீட்டில் அப்படி வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்ததில்லை.) சில நாட்களில் என் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே தலையை நிமிர்த்தி எதிர்கொண்டு வரத் தொடங்கின. காது நுனி கிழிந்த பெண்மானுக்கு வதனி வள்ளி என்று பெயர் வைத்தாள். அஜின்கோர்ட் பேச்சு நின்றுபோனது. நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

செய்தி மணி அன்ரியிடம் போய்ச் சேர்ந்தது. அவ எங்களுக்கு எந்த வழியில் சொந்தம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவ சொன்னால் குடும்பம் கேட்கும். அது கந்தசஷ்டி விரத நேரம்.

"வள்ளியம்மை மான் வயித்தில பிறந்தவ, தம்பி. சஷ்டி நேரத்தில மான் வீடு தேடி வருதெண்டால் அது சும்மா விசயமில்லை. சனிக்கிழமை நாங்கள் எல்லாரும் வாறம்."

வதனி அழுதுவிட்டாள், சந்தோசத்தில். எனக்கு வேறு கவலை. சனம் வந்து மான் வராவிட்டால்? தவம் அண்ணை அதைச் சாகும்வரை சொல்லிக்காட்டுவாரே? நல்ல காலமாக ஹலோவீன் அப்போதுதான் முடிந்திருந்தது. கண்ணும் பல்லும் வெட்டிய பூசணிக்காய்களை அக்கம்பக்கத்தார் குப்பையோடு தெருவோரத்தில் வைத்திருந்தார்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தமிழன் வீடு வீடாகப் போய் அவற்றைக் காரில் ஏற்றியதை அந்தத் தெரு நெடுநாள் பேசியிருக்கும். பள்ளம் நிறைந்தது.

சனிக்கிழமை பின்னேரம் இரண்டு வான் நிறையச் சனம் வந்தது. மணி அன்ரியின் உத்தரவுப்படி நான் வேட்டி கட்டி, வெறும் மேலில் திருநீறு பூசி நின்றேன். எல்லாரும் பின்பக்கக் கண்ணாடிக் கதவை மொய்த்தார்கள். தவம் அண்ணை வீடியோ கமெராவைத் தோளில் ஏற்றினார்.

மான்கள் வந்தன. வள்ளி முன்னால். மணி அன்ரி கைகூப்பினா. வதனி என் கையைப் பிடித்து அழுத்தினாள். என் கலியாண வாழ்க்கையின் உச்சம் அதுதான். அது அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை.

"ஐசே," என்றார் கமெராவுக்குள் கண்ணை வைத்திருந்த தவம் அண்ணை, "அந்த மரத்தில ஒருத்தன் இருக்கிறான்."

பார்த்தோம். வயலோர மரத்தில் பலகை கட்டி, சருகு நிற உடுப்போடு ஒரு மனிதர். கையில் வில். நாண் பாதி இழுத்தபடி.

மணி அன்ரியின் கூப்பிய கை தலைக்கு மேலே போய்விட்டது. "முருகா, வேடனாய் வந்து நிக்கிறியோ" என்றா. கண்ணால் நீர் ஓடியது. பின்னால் நின்ற இரண்டு பேரும் கும்பிட்டார்கள்.

முருகன் பேஸ்போல் தொப்பி போடமாட்டான் என்பது எனக்கு மட்டும்தான் தோன்றியது. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். நவம்பர் குளிரில், வெறும் மேலோடு, வெறுங்காலோடு. வேலியைத் தாண்டும்போது வேட்டியின் ஒரு பகுதி வேலியிலேயே தங்கிவிட்டது.

"ஓடு, ஓடு" என்று கத்தினேன்.

மான்கள் நிமிர்ந்து பார்த்தன. என்னை அடையாளம் கண்டன. ஓடவில்லை. சோறு போடுகிறவன் வந்துவிட்டான் என்று என்னை நோக்கி நடந்து வந்தன.

கையை வீசினேன்; வள்ளி கையை முகர்ந்தது. பூசணிக்காய் ஒன்றைத் தூக்கி எறிந்தேன். பின்னால் நின்ற மான் போய் அதைத் தின்றது. இன்னொன்றை எறிந்தேன், அதையும் தின்றது. கிழிந்த வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் மானுக்குப் பூசணிக்காய் எறிந்தபடி, அழுகைக் குரலில் "போவன், தயவுசெய்து போவன்" என்று நான் கெஞ்சியது முழுவதும் வீடியோவில் இருக்கிறது. அம்பு எப்போது வரும், யாருக்கு வரும் என்று தெரியவில்லை. மானின் மூச்சு என் விலாவில் சூடாகப் பட்டது. இந்தப் பிராணிக்கு நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

காப்பாற்றியது வதனி. சோற்றுப்பானையையும் அகப்பையையும் எடுத்துக்கொண்டு, வயிற்றைச் சாய்த்தபடி படியிறங்கி வந்து, ஊரே அதிர அடித்தாள். மான்கள் துள்ளிப் பாய்ந்து வயலைக் கடந்து மறைந்தன. பானையை இறக்கி வைத்துவிட்டு அவள் விம்மினாள்.

வேடர் மரத்தால் இறங்கி வந்தார். பெயர் கென். அதே ஊரில் பல் டொக்ரராம். வயல்காரரிடம் அனுமதி வாங்கித்தான் வேட்டையாடுகிறாராம். வில்லைத் தரையில் வைத்துவிட்டு, பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். பல்லுக் காட்டியபடி பூசணிக்காய்கள் அவரைப் பார்த்தன.

"எவ்வளவு நாளாக இதைப் போடுகிறாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சொன்னேன். அவருடைய முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. கோபம் என்று நினைத்தேன். வெட்கம்.

"காற்றையும் தடத்தையும் பார்த்து நானே இந்த இடத்தைக் கண்டுபிடித்தேன் என்று என் கிளினிக்கில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன்," என்றார். "அதுகள் உன் பூசணிக்காய்க்கு வந்திருக்கின்றன."

இந்த மாகாணத்தில் இரை போட்டு மான் சுடுகிற ஆட்கள் நிறைய உண்டாம். அவருடைய தகப்பன் ஒருநாளும் போட்டதில்லையாம், அவரும் போடமாட்டாராம். மான் உன்னிலும் கெட்டித்தனமாக இருப்பதற்கு ஒரு வாய்ப்பு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் இறைச்சிக்கடைக்கே போகலாமே என்றார்.

இதற்குள் மணி அன்ரி சால்வையைப் போர்த்துக்கொண்டு வேலிக்கு வந்துவிட்டா. முருகன் இல்லை என்று தெரிந்த ஏமாற்றம் முகத்தில் இருந்தது.

"சாப்பாடு வைச்சுக் கூப்பிட்டுப்போட்டுக் கொல்லுறது பாவமெண்டு அவனுக்குச் சொல்லு, தம்பி."

சொன்னேன். கென் பணிவாகத் தலையாட்டினார். "அம்மா சொல்வது முழுக்கச் சரி. ஆனால் சாப்பாடு வைத்தது இவர்."

இதை மொழிபெயர்க்க எனக்கு ஏனோ சொற்கள் வரவில்லை. வதனி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். மணி அன்ரி என் பக்கம் திரும்பினா. அவ என்னை மேலிருந்து கீழே பார்த்தபோது, வேட்டி இன்னும் கொஞ்சம் கிழிந்ததுபோல் இருந்தது.

தவம் அண்ணை கமெராவை நிறுத்தாமலே என் உதவிக்கு வந்தார். "வன்னியில தண்ணிக்கு வாற மானைக் குளக்கட்டில இருந்து சுடுறவங்கள். அதுவும் உதுதானே?"

"தண்ணியை மனிசன் வைக்கேல்லை," என்றா மணி அன்ரி. பிறகு கென்னைப் பார்த்தா. "இவனிட்டக் கேள், பிள்ளை. வயலில கொட்டுண்ட சோளத்துக்கு வாற மானைத்தானே இவனும் பாத்துக்கொண்டிருக்கிறான். மற்றவன் சிந்தின சாப்பாடெண்டால் சரியோ?"

வதனி கேட்டாள். கென் தொப்பியைக் கழற்றினார். வயலைப் பார்த்தார். "அதை நான் இதுவரை யோசித்ததில்லை" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். பிறகு அவர் என்னிடம் சொன்னார்: "நாண் இழுத்தபோது அந்த மான் நாய்க்குட்டி மாதிரி உன்னிடம் நடந்து போனது. அதைப் பார்த்தபிறகு கை வரவில்லை. ஆனால் அடுத்தவன் வருவான். அவனிடமும் அது நடந்துதான் போகும்."

என்ன செய்யலாம் என்று வதனி கேட்டாள். சாப்பாட்டை நிறுத்தி, மனிதரைக் கண்டாலே ஓடும்படி அதுகளைப் பயமுறுத்தவேண்டும் என்றார் கென்.

செய்தோம். அன்றைக்கே கென்னும் தவம் அண்ணையும் நானும் பள்ளத்தை வழித்துத் துடைத்தோம். பிறகு மான் வருகிற நேரமெல்லாம் வதனி பானை அடித்தாள். நானும் சேர்ந்து கத்தினேன். முதல் தடவை என் குரலுக்கு வள்ளி ஆசையோடு காதை உயர்த்தியது. அதைத் துரத்துவது எனக்குப் பிள்ளைக்கு அடிப்பதுபோல் இருந்தது. சஷ்டி விரதம் முடிந்து பாரணைச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான் நடக்கவேண்டும் என்று மணி அன்ரி அறிவித்துவிட்டா. கென்னையும் அழைத்தோம். வாசலில் நின்று, உள்ளே இருந்து வந்த சாம்பார் வாசத்தை மூக்கால் இழுத்தார்.

"இது இரை இல்லையே?" என்றார்.

வீடியோவைப் பார்க்கவென்று சனம் வாராவாரம் வரத் தொடங்கியது. வராதவர்கள் வந்தவர்களிடம் கேட்டுவிட்டு வந்தார்கள். தவம் அண்ணை அதைப் போட்டுக் காட்டி, நிறுத்தி, பின்னால் ஓட்டி மறுபடி காட்டுவார். மாசியில் மகள் பிறந்தபோது வீட்டில் நிற்க இடமில்லை. அஜின்கோர்ட்டுக்குத் திரும்புகிற பேச்சை வதனி பிறகு எடுக்கவேயில்லை. இரண்டு வருடம் கழித்துத் தவம் அண்ணையே பக்கத்துத் தெருவில் வீடு வாங்கினார். (பாஸ்போட்டை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவ்வளவு பெரிய மனம் எனக்கு.)

பனி உருகிய பங்குனியில் ஒருநாள் காது கிழிந்த மான் வயல் நடுவில் நின்றது. வேலியடியில் என்னைக் கண்டதும் வாலை உயர்த்திக்கொண்டு பறந்தது. நானும் வதனியும் கைதட்டினோம். என்னைக் கண்டு ஒரு சீவன் பயந்து ஓடியதற்கு நான் பெருமைப்பட்டது அந்த ஒருமுறைதான்.

மகள் இப்போது நகர மத்தியில் தனியாக இருக்கிறாள். ஒரேயடியாக வேலை வேலை என்பாள். வதனி இறால் குழம்பு வைத்தால் அவளுக்குத் தொலைபேசியில் செய்தி சொல்வது என் பொறுப்பு. அவள் கேட்பாள்.

"எனக்குப் பூசினிக்காய் வைக்கிறீங்கள், ரைட்?"

"ஓம்" என்பேன். அடுத்த ரெயினில் வந்துவிடுவாள்.