பயிற்சிக்குப் போய்வந்தவர்

உலகத்தில் போய்வந்தவர்கள் பல வகை. போருக்குப் போய்வந்தவர், மடாலயத்துக்கு யாத்திரை போய்வந்தவர், இத்தாலிக்கு ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போய்வந்தவர் என்று எங்கள் மலையடிவாரத்திலேயே மூன்று வகை உண்டு. இவர்களோடு எப்படியாவது காலம் தள்ளிவிடலாம். போருக்குப் போனவர் இரண்டு கிளாஸ் உள்ளே இறங்கினால்தான் வாயைத் திறப்பார். யாத்திரை போனவர் ஒரு வாரம் இறைச்சியைத் தொடாமல் இருந்துவிட்டுப் பிறகு எல்லோரையும் போல ஆகிவிடுவார். ஆனால் பயிற்சிக்குப் போய்வந்தவர் என்றொரு இனம் இருக்கிறதே, வாசகரே, அதனிடம் அகப்பட்டவர் லேசில் மீள்வதில்லை.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். ஞாயிறு மாலைப் பேருந்திலிருந்து இறங்கும்போது தோளில் எழுத்துப் போட்ட துணிப்பை தொங்கும். அதற்குள் ஒரு கோப்பு, எழுதாத பேனா ஒன்று, விடுதியிலிருந்து எடுத்துவந்த சோப்பு இரண்டு. கழுத்தில் பெயர் அட்டை அப்படியே இருக்கும். ஊரில் உள்ள நாய்க்குக்கூட அவரைத் தெரியும். இருந்தாலும் கழற்ற மாட்டார். 'வணக்கம்' சொன்னால் பதிலுக்கு வணக்கம் சொல்லாமல், "இந்த வாரம் எப்படி உணர்றீங்க?" என்று கேட்பார். ஆட்டுக்குப் புல் வெட்டிக்கொண்டு போகிறவர் அதற்கு என்ன பதில் சொல்வார்? புல்லை இறக்கி வைக்காமலே நடையைக் கட்டுவார்.

ருமேனியாவில், மோல்டாவியாப் பக்கத்து மலைக்கிராமமான போயானா லுங்காவில் இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த ஆள் ஒருவர் இருந்தார். பெயர் வெனியாமின் ப்ரிகோப். இருபத்து மூன்று பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குத் தலைமையாசிரியர். கணக்கு வாத்தியாரும் அவரே.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். ப்ரிகோப் அருமையான கணக்கு வாத்தியார். பின்னம் நடத்துகிற நாளில் மனைவி சுட்ட பாலாடைக்கட்டி அப்பத்தை வகுப்புக்குக் கொண்டுவந்து, அரை, கால், அரைக்கால் என்று வெட்டிக் காட்டி, பாடம் முடிவதற்குள் தட்டைக் காலி செய்ய வைப்பார். அந்தப் பிள்ளைகள் யாரும் பின்னத்தை மறந்ததே கிடையாது. மனிதருக்கு வகுப்பு என்றால் உயிர். அதனால்தான் ஐந்து வருஷத்துக்கு முன்னால் 'கிராமப்புறப் பள்ளிகளுக்கான தலைமைப் பண்பு' என்று ஒரு பயிற்சிக்கு அழைப்பு வந்தபோது, இன்னும் நல்ல வாத்தியாராகலாமே என்று நம்பிப் போனார். போனவர் வேறு ஆளாகத் திரும்பினார்.

முதலில் நாற்காலிகள் வட்டமாகின. வகுப்பில் விறகு அடுப்பு ஒரு மூலையில் இருக்கிறது. வட்டம் போட்டால் பாதிப் பேர் வெந்துபோவார்கள், மீதிப் பேர் விறைத்துப்போவார்கள். பரவாயில்லை என்றார். அடுத்த பயிற்சியிலிருந்து நூல்கண்டு விளையாட்டு வந்தது. ஒருவர் இன்னொருவருக்கு எறிந்து மனம் திறந்து பேச வேண்டுமாம். அடுப்பு பார்த்துக்கொண்டு, தரையும் துடைக்கிற லுக்ரேத்சியா அதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். "சார், அது காலுறை பின்ன நான் வாங்கி வச்ச கம்பளி. நீங்க மனசைத் திறக்கறதுக்கு என் நூல்தானா கெடச்சுது?" மூன்றாவது பயிற்சி ஒட்டுத்தாள்களைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் தங்கள் கனவுகளை மஞ்சள், பச்சை, சிவப்புத் தாள்களில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். ஈரச் சுவரில் எது நிற்கும்? சாயங்காலம் லுக்ரேத்சியா கூட்டிப் பெருக்கிக்கொண்டே சொல்வாள்: "இன்னைக்குக் கனவு ஒரு முறம் தேறுச்சு சார். அடுப்புல போட்டேன், நல்லா எரியுது."

ப்ரிகோப் எதற்கும் அசரவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த ஈரக்கறை மறைகிற அளவுக்கு நாற்பத்தொரு சான்றிதழ்களை மாட்டினார். ஒவ்வொரு பிள்ளைக்குள்ளும் ஒரு தலைவர் தூங்குகிறார் என்று சொல்லி இருபத்து மூன்று பேரையும் எழுப்பிவிட்டார். சுண்ணக்கட்டிக்கு ஒரு தலைவி, ஜன்னலுக்கு ஒரு தலைவன், குடிநீர் வாளிக்கு இருவர் அடங்கிய கூட்டுத் தலைமை. ஆட்டுக்கிடைக்காரர் மகன் தொவாதருக்கு உணர்ச்சிகளின் தலைவர் பதவி கிடைத்தது. அந்தப் பையனுக்குத் தெரிந்த உணர்ச்சி பசி ஒன்றுதான். அதை மட்டும் பொறுப்பாகக் கவனித்துக்கொண்டான்.

எல்லாம் சரி, கணக்கு?

அங்கேதான் சிக்கல். எட்டாம் வகுப்பில் நாலு பேர். ஜூன் மாதம் அவர்களுக்கு நாடு முழுவதற்குமான தேர்வு. அதில் கணக்கில் நல்ல மதிப்பெண் வந்தால் நகரத்து மேல்நிலைப் பள்ளி, விடுதி, அதற்கப்பால் ஒரு வாழ்க்கை. வராவிட்டால் கிடை, அல்லது வெளிநாடு. நால்வரில் ஸ்மரந்தா என்ற பெண் கால்நடை மருத்துவராக வேண்டும் என்று நாலாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். கணக்கில் தவறினால் இத்தாலியில் இருக்கும் சித்தியிடம் அனுப்புவதாக வீட்டில் பேச்சு. சித்தி போர்வைகூட வாங்கி வைத்துவிட்டாள். அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை தலைமையாசிரியர் பதினேழு நாள் பயிற்சியில் இருந்தார். அந்த நாட்களில் கணக்குப் பீரியடுக்கு வந்த வரலாற்று ஆசிரியை தோம்னிகா, தம்மால் ஆனதைச் செய்தார்: போர்கள் நடந்த ஆண்டுகளை எழுதிப் போட்டுக் கூட்டச் சொன்னார்.

ப்ரிகோப் ஊரில் இருந்த நாட்களும் பெரிய வித்தியாசமில்லை. ஒரு நாள் ஸ்மரந்தா எழுந்து நின்றாள்.

"சார், இந்தச் சமன்பாட்டுக்கு எனக்கு ஏழு வருது. தொவாதருக்கு மைனஸ் பன்னெண்டு வருது. எது சார் சரி?"

"அருமையான கேள்வி!" என்று ப்ரிகோப்பின் முகம் மலர்ந்தது. "ஆனா பாரும்மா, நம்ம வகுப்புல தவறான பதில்னு ஒண்ணு கெடையாது."

"பரீட்சையில இருக்கு சார்."

"அதுவும் அருமையான கருத்து. ஒரு தாள்ல எழுதி ஒட்டு."

அவருக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. கேள்வி கேட்கிற பிள்ளை என்று உள்ளூரப் பெருமைகூடப் பட்டார். அவள் முகத்தில் இருந்தது ஆர்வமல்ல, பயம் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும், எதிரில் இருப்பவரின் முகத்தைக் கவனிப்பது எப்படி என்று அவர் இரண்டு நாள் பயிற்சி எடுத்திருந்தார்.

பிப்ரவரியில் பெரிய அழைப்பு வந்தது. ஏப்ரல், மே இரண்டு மாதமும் தெற்கே ஒரு ஏரிக்கரை நகரத்தில், கிராமத் தலைமையாசிரியர்களுக்கான மேல்நிலைப் பயிற்சி. ஒரே நிபந்தனைதான்: பள்ளியில் மாணவர் தலைமை வளர்ந்திருக்கிறது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். அதையும் மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகவே அனுப்ப வேண்டும். ப்ரிகோப்புக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாணவர் மன்றத்தைக் கூட்டினார். ஸ்மரந்தாதான் மன்றத் தலைவி.

"நான் ரெண்டு நாள் நகரத்துக்குப் போறேன். நான் இல்லாதப்பவே கூட்டத்தை நடத்துங்க. இந்தப் பள்ளிக்கு என்ன வேணும்னு நீங்களே முடிவெடுங்க. யாருக்கும் பயப்படாம, மரியாதையா, எழுத்துல. எழுதாத தீர்மானம் தீர்மானமே இல்ல. புரியுதா?"

"புரியுது சார்," என்றாள் ஸ்மரந்தா. "என்ன வேணும்னாலும் எழுதலாமா சார்?"

"என்ன வேணும்னாலும்!"

எங்கள் பக்கத்தில் காகிதத்துக்கு இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியாததல்ல. வாய்ச்சொல்லை யாரும் சட்டை செய்ய மாட்டார்கள். அதையே தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பதிவெண் கொடுத்து, வட்ட முத்திரையைக் குத்திவிட்டால், பாதிரியாரே வந்து மந்திரித்தாலும் அதை அசைக்க முடியாது. ப்ரிகோப் முத்திரையை மேசை இழுப்பறையில் பூட்டி, சாவியைச் சிலுவையோடு சேர்த்துக் கழுத்தில் போட்டிருப்பவர்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் திரும்பி வந்தபோது மேசையில் தீர்மானத் தாள் தயாராக இருந்தது. இரண்டு பக்கம், முத்து முத்தான கையெழுத்து, வந்தோர் பட்டியல், வாக்கு எண்ணிக்கை, ஏழு தீர்மானங்கள். அனுப்ப அன்றே கடைசி நாள். ப்ரிகோப் தாளைக் கையில் எடுத்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இருபத்து மூன்று பேரும் கையெழுத்திட்டிருந்தார்கள். முதல் வகுப்புப் பொடிசுகள் தங்கள் பெயரைப் பெரிய எழுத்தில் கிறுக்கியிருந்தன. "பாத்தீங்களா தோம்னிகா டீச்சர்? பிள்ளைங்க வளந்துட்டாங்க!" என்று சொல்லிக்கொண்டே முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார். கையெழுத்துப் போட்டார். அனுப்பினார்.

படித்தாரா? நல்ல கேள்வி. தலைமையாசிரியர் முத்திரை குத்துவார், கையெழுத்துப் போடுவார், நகலைக் கோப்பில் சேர்ப்பார். படிக்கவும் வேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அவர்கள் முத்திரை இவருடையதைவிடப் பெரியது. 'தங்கள் பள்ளி மாணவர் மன்றத்தின் தீர்மானங்கள், தலைமையாசிரியரின் முழு ஒப்புதலோடு வரப்பெற்று, பரிசீலித்து ஏற்கப்பட்டன. குறிப்பாக நான்காம் தீர்மானத்தை ஜூன் வரை நடைமுறைப்படுத்தி மாதந்தோறும் அறிக்கை அனுப்பவும்.' அங்கே யாராவது உண்மையிலேயே படித்தார்களா, படித்துவிட்டுச் சிரித்தார்களா, கடவுளுக்கே வெளிச்சம். ப்ரிகோப் கோப்பைத் திறந்து நான்காம் தீர்மானத்தை முதல் தடவையாகப் படித்தார். 'எட்டாம் வகுப்புத் தேர்வு முடியும்வரை தலைமையாசிரியர் எந்தப் பயிற்சிக்கும் செல்லாமல், தினமும் காலை எட்டு முதல் பத்துவரை கணக்கு நடத்த வேண்டும். ஆதரவு இருபத்து மூன்று. மாற்றுக் கருத்து இல்லை.'

ஸ்மரந்தாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னம்மா இது?"

"தீர்மானம் சார்."

"எனக்கு எதிராவா?"

"எதிர்ப்புங்கற வார்த்தையே வரக் கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க சார். அதனால மேல 'வளர்ச்சிக்கான வாய்ப்பு'ன்னு தலைப்புப் போட்டிருக்கோம்."

"ஏம்மா, என்கிட்ட நேரா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டோம் சார். மூணு தடவை." அவள் குரல் உடைந்தது. "மூணு தடவையும் அருமையான கேள்வின்னு சொன்னீங்க. பதில் சொல்லல."

தரை துடைத்துக்கொண்டிருந்த லுக்ரேத்சியா நிமிர்ந்தாள். "எளுதிக் குடுத்தாத்தான் ஒறைக்கும்னு நான்தான் சார் சொன்னேன். வேணும்னா என்னைத் திட்டுங்க, பிள்ளையை விட்டுடுங்க."

தீர்மானத்தைத் திரும்பப் பெற ஒரு வழி இருந்தது: படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு எந்தத் தலைமையாசிரியரும் துணிந்ததாகச் சரித்திரம் இல்லை என்று தோம்னிகா டீச்சர் உறுதி சொன்னார். ஆனால் உண்மையில் அவரை உட்கார வைத்தது அந்த முத்திரை அல்ல. அந்தப் பெண்ணின் குரல். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவருக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. தொவாதர் பலகைக்குப் போய் மைனஸ் குறியைத் தின்றுவிட்டு விடை எழுதினான். "தப்பு!" என்றார் ப்ரிகோப். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஸ்மரந்தா சிரித்துவிட்டாள். வைத்தியர் வியாதியின் பெயரைச் சொல்லிவிட்டால் வருமே, அந்த நிம்மதி. ப்ரிகோப்புக்கும் நாக்கில் பழைய ருசி தட்டியது. மார்ச், ஏப்ரல், மே மூன்று மாதமும் தொண்டை கட்டும்வரை கத்தினார், சுண்ணக்கட்டி உடைத்தார், தலையில் அடித்துக்கொண்டார், மே மாதக் கடைசியில் வேலியோரம் நின்று ஆட்டுக்கிடையில்கூடத் தொவாதருக்குச் சதவீதம் சொல்லிக்கொடுத்தார்.

ஜூலையில் முடிவு வந்தது. நாலு பேரும் தேறினார்கள். பத்துக்கு ஸ்மரந்தா எட்டே முக்கால். நகரத்தில் இடம் கிடைத்தது. தொவாதர் ஐந்தரை. அவன் அப்பா மகிழ்ச்சி தாங்காமல் பள்ளிக்கூட வாசலில் ஒரு முழு ஆட்டைச் சுட்டார். ஊரே தின்றது. ப்ரிகோப்பைக் கட்டிக்கொண்டு அழாதவர் பாக்கியில்லை. அவரும் அழுதார்.

ஆகஸ்டில் தொலைபேசி அடித்தது. ஏரிக்கரைக்காரர்கள். போயானா லுங்காவின் கதை அவர்கள் காதுவரை எட்டிவிட்டதாம். இந்தத் தடவை பயிற்சி பெற அல்ல, பயிற்சி கொடுக்க வர வேண்டுமாம். தலைப்பும் அவர்களே வைத்துவிட்டார்கள்: 'வகுப்பறையை விட்டு நகராத தலைமை.' பள்ளி திறந்து இரண்டாவது வாரத்தில் பயிற்சி. புதிய எட்டாம் வகுப்பில் ஆறு பேர். முடியாது என்று சொல்லத்தான் ப்ரிகோப் வாயைத் திறந்தார்.

"எத்தனை நாள்?" என்று அந்த வாய் கேட்டது.

போனாரா இல்லையா என்பது அவருக்கும் அந்த ஆறு பேருக்கும் உள்ள விவகாரம். நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? உங்களிடம் துணிப்பை இல்லை, பெயர் அட்டை இல்லை, இந்த இனத்தில் நீங்கள் சேர்த்தி இல்லை என்று நினைக்கிறீர்கள். இருக்கட்டும். ஆனால் இதைப் படித்து முடிக்கிறவரைக்கும் உங்கள் அறை வாசலில் யாரோ ஒருவர் தயங்கிக்கொண்டு நிற்கவில்லையா? மகளோ, மாணவனோ, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரோ. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. உங்களுக்கு விடை தெரியும். இரண்டு நிமிஷம் ஆகும். "இதோ, இதைப் படிச்சு முடிச்சுடறேன்" என்று நிமிராமலே கை காட்டினீர்களே, அது எத்தனையாவது தடவை?