ஜான்சன் சாரின் வடிகட்டி

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு சற்று ஓய்வெடுத்தது. அடுத்த கண்டுபிடிப்பு ஆம்பூரில், எங்கள் ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் நிகழ்ந்தது. நேரில் கண்ட பாக்கியவான் நான், உதவி மேலாளர்.

எங்கள் சர்வர் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்துவிடும். பேக்கிங்கில் லேபிள் அச்சாகாது. லேபிள் இல்லாத பெட்டி கன்டெய்னரில் ஏறாது. ஜெனரல் மேனேஜர் ஜான்சன் 'ஆழ்ந்த ஆய்வு' நடத்தி, லேபிள் அடிக்கும் அமிர்தவள்ளிதான் காரணம் என்று கண்டறிந்து மெமோ கொடுத்தார். விளக்கம் திருப்தி தராவிட்டால் வேலை போகும்.

"நான் இன்னா சார் பண்ணேன்? பட்டன தட்டுறேன், ஸ்டிக்கர் வருது. வரலைன்னா நிக்கிறேன்."

"நிக்கிற இல்ல? அதான் தப்பு."

கம்ப்யூட்டர் அறை ஹீனாவுக்கு இது பொறுக்கவில்லை. சர்வருக்குள் யார் பெயரில் எந்தெந்த புரோகிராம் ஓடுகிறது, எது எவ்வளவு தின்கிறது என்று காட்டும் கருவி ஒன்று அவளிடம் இருந்தது. கறுப்புத் திரை, நானூறு வரிகள், நொடிக்கு நொடி இடம் மாறும். அதில் ஒன்றைப் பிடிப்பது திருவிழாக் கூட்டத்தில் செருப்பைத் தேடுவது மாதிரி. ஹீனா உட்கார்ந்து அதில் இரண்டு வசதிகளைச் சேர்த்தாள். பெயரை அடித்தால் தேடித் தரும். வேண்டியதைச் சொன்னால் மற்றவற்றை வடிகட்டிவிடும்.

முறைப்படி 'திறப்பு விழா' நடந்தது. ஜான்சன் சார் குத்துவிளக்கு கேட்டார். சர்வர் அறையில் நெருப்பு கூடாது என்பதால் டார்ச் அடித்தோம்.

"அமிர்தவள்ளிய தேடும்மா."

ஒரு வரி வந்தது. "அரை பர்சென்ட் கூட சாப்பிடல சார்," என்றாள் ஹீனா.

"அப்ப ஜாஸ்தியா திங்கிறது யாரு? வடிகட்டு, வடிகட்டு!"

வடிகட்டினாள். எஞ்சியது ஒன்றே ஒன்று. 'ஜி.எம்.' என்ற பெயரில், எண்பத்தெட்டு சதவீதம். தொழிலாளர்கள் கழிப்பறையில் எவ்வளவு நேரம் 'வீணடிக்கிறார்கள்' என்று வாசல் கேமராவைப் பார்த்துக் கணக்கிட, சார் தாமே ஆசையாகப் போட்ட புரோகிராம். சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே கூட்டம் அதிகம். ஆகவே அதற்கும் அப்போதுதான் வேலை அதிகம்.

ஓரமாக நின்றிருந்த அமிர்தவள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"ஹீனா," என்றார் சார் கனிவாக. "வடிகட்டின்னா இன்னா? வேணாத்த எடுக்கிறது. டீல தூள எடுக்குறோம் இல்ல? அந்த மாதிரி இத எடுத்துடு."

"நிறுத்திடவா சார்?"

"நிறுத்தாத. ஓடட்டும். திரையில தெரிய வேணாம்."

ஹீனா கொஞ்சம் யோசித்தாள். "பண்ணிடலாம் சார். ஆனா அந்தக்கா மெமோவ வாபஸ் வாங்குனாதான் எனக்குக் கை ஓடும்."

மெமோ அங்கேயே கிழிக்கப்பட்டது. மறுபடி ஒட்டிவிடுவார்களோ என்ற பயத்தில் அமிர்தவள்ளி துண்டுகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போனாள்.

சில நாள் கழித்து, எங்களிடம் ஷூ வாங்கும் கம்பெனியின் பிரதிநிதி சென்னையிலிருந்து வந்தார். லேபிள் மெஷின் வழக்கம்போல் நின்றிருந்தது. சார் கவலைப்படாமல் அவரைத் திரையின் முன்னால் நிறுத்தினார். "பாருங்க, எல்லாம் கன்ட்ரோல்ல இருக்கு."

கீழே எல்லா வரிகளிலும் ஏறக்குறைய பூஜ்யம். மேலே, மறைக்கச் சொல்லாததால் ஹீனா தொடாமல் விட்ட மொத்தக் கணக்கு: தொண்ணூறு சதவீதம் பிஸி.

பிரதிநிதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"யாரும் ஒண்ணும் செய்யல. அப்புறம் எப்படி சார் இவ்ளோ பிஸி?"

அவர் சர்வரைப் பற்றித்தான் கேட்டார். ஆனால் எங்கள் நிர்வாகத்தைப் பற்றி இவ்வளவு கச்சிதமாக அதுவரை யாரும் கேட்டதில்லை.